பிறந்த வீட்டுக் காரின் அடிவயிறு

நான் அந்தக் காரைப் பார்க்கப் போனதற்கு ஒரே காரணம், மூன்று பேராகப் போனால் காரியம் விளங்காது என்று எங்கள் பக்கம் சொல்வதுதான். என் கணவர், என் அண்ணன், என் மகள் என்று ஆள் கணக்கு மூன்றில் வந்து நின்றுவிட்டது. நான் அடுப்படியில் இருந்தபோது கணவர் வந்து, "ஏம்புள்ள, நீயும் பொறப்படு. சும்மா கூட உக்காந்திருந்தாப் போதும்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எல்லா நல்ல காரியங்களுக்கும் நான் இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன். குழம்பை இறக்கி வைத்துவிட்டுச் சேலையை மாற்றிக்கொண்டேன்.

வாங்கப் போவது சாதாரணக் கார் அல்ல. இரண்டே பேர்தான் உட்காரலாம். எஞ்சின் முதுகுப் பக்கம் இருக்கும். தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். ரேஸுக்குப் போகிற ஜாதி. பழைய கார்தான், புதிதாக வாங்குவதென்றால் எங்கள் பண்ணைக் கோழிகள் அத்தனையும் தங்க முட்டை போட்டாலும் பற்றாது. ஆசைப்பட்டது என் மகள். பெங்களூர்க் கம்பெனி வேலையை எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து பார்க்கிறவள். சின்ன வயதில் மற்ற பிள்ளைகள் பொம்மைக்கு அழுதபோது இவள் என் அண்ணனின் லாரி ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அழுதவள். இப்போதும் அவ்வப்போது கோயமுத்தூர்ப் பக்கம் ரேஸ் ஓட்டும் மைதானத்துக்குப் போய், யாருடைய காரையோ வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டு வருவாள். அன்றைக்கு மட்டும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அந்த முகத்தை வீட்டில் தினமும் பார்க்க எனக்கு ஆசை. பெற்றவளுக்கு வேறு என்ன வேண்டும்.

அப்பனுக்கும் மகளுக்கும் மாதக்கணக்கில் நடந்த சண்டை ஓர் ஒப்பந்தத்தில் முடிந்திருந்தது. "ஒரே ஒரு வண்டி. போய்ப் பாக்கலாம். நல்லா இருந்துச்சுன்னா வாங்கிக்க, நான் குறுக்க நிக்கமாட்டேன். சொத்தைன்னு தெரிஞ்சா அதோட செரி. காருப் பேச்சு இந்த ஊட்டுக்குள்ள வரப்படாது. உன்ற ஜாதகத்தை வெளிய எடுப்பேன், நீ வாயத் தொறக்கப்படாது" என்றார் என் கணவர். அவளும் சரியென்று கையடித்துக் கொடுத்துவிட்டாள். ஆக, என் மகள் கைக்கு ஸ்டியரிங் வருமா, கழுத்துக்குத் தாலி வருமா என்பது யாரோ ஒருவர் வீட்டுக் காரின் உடல்நலத்தில் போய் மாட்டிக்கொண்டது.

அந்தக் கார் அயோத்தியாப்பட்டணத்தில் இருந்தது. போனில் விளம்பரம் பார்த்து அவளே பேசி வைத்திருந்தாள். நாமக்கல்லிலிருந்து போகிற வழியெல்லாம் பின்சீட்டில் எனக்குப் பாடம் நடந்தது. இந்த மாதிரிக் காரில் ஓடின கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறக் கூடாதாம். கொஞ்சமாக ஓடியிருக்கலாம், ஆனால் ஓடின கொஞ்சமும் பேய் ஓட்டமாக இருக்கலாம். சர்வீஸ் செய்த ரசீதுகள் வரிசையாக இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அது பிறந்த வாரமும் வருடமும் அச்சடித்திருக்கும். நான்கும் ஒரே வயதா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை எவ்வளவு முறுக்கினார்கள் என்பதை வண்டியின் கம்ப்யூட்டரே ஞாபகம் வைத்திருக்குமாம். அதைக் கேட்டு வாங்க ஒரு சின்னக் கருவி வைத்திருந்தாள். பெயிண்ட் எத்தனை பூச்சு என்று அளக்க இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக வண்டி ஆறியிருக்கும்போது முதல்முதலாக ஸ்டார்ட் பண்ணிச் சத்தம் கேட்க வேண்டும். "சூடு ஏறிட்டா எல்லா எஞ்சினும் நல்லவன் மாதிரிதாம்மா பேசும்" என்றாள். நாங்கள் வரும் வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொந்தக்காரரிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தாளாம்.

முன்சீட்டில் வேறு பாடம் நடந்தது. என் அண்ணன் லாரி வாங்கி விற்றவன். ஸ்பேனரால் டயரைத் தட்டினால் அது சொல்லிவிடும் என்பது அவனுடைய சாஸ்திரம். ஸ்பேனரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். என் கணவர் நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்த்திருந்தார். மாட்டின் உடம்பில் முடிச் சுழி பார்த்து வாங்குகிற பரம்பரை. காருக்குச் சுழி கிடையாது, ஆகவே நம்பர். கூட்டுத்தொகை நன்றாக வந்திருந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

அந்த வீட்டு வாசலில் கார் தயாராக நின்றது. கழுவி, துடைத்து, முன்னால் ஒரு செம்பருத்திப் பூவும் வைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிறம். கண்ணைப் பறிக்கிற அழகுதான், பொய் சொல்லக் கூடாது. இரும்புக் கம்பி வியாபாரம் செய்கிற பெரியவர் வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, வாய் நிறையச் சிரிப்பு. "வாங்க வாங்க. நீங்க இவ்வளவு தூரம் வாறீங்களேன்னு காலையிலயே ஒரு ரவுண்டு ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருக்கேனுங்க" என்றார்.

என் மகள் பின்பக்க மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதல் பரீட்சையில் விருந்தோம்பல் ஜெயித்துவிட்டது.

அவள் அசரவில்லை. பெயிண்ட் அளக்கும் கருவியை எடுத்துக் கதவில் வைத்தாள். என் அண்ணன் டயரை நெருங்கினான். அந்த நேரத்தில்தான் என் கணவர், வெறுமனே நிற்கிறோமே என்று வாயைத் திறந்தார். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் வானிலைக்கு முன்னால் கேட்கிற கேள்வி அது.

"ஏனுங்க, உங்களுக்குப் பூர்வீகம் இந்த ஊரேதானுங்களா?"

"இல்லீங்க. எங்கப்பன் காலத்துல யாவாரத்துக்கு இங்க வந்ததுங்க. பூர்வீகம் மோகனூர்ப் பக்கமுங்க."

"அப்பிடீங்களா? குலதெய்வம் எந்தக் கோயிலுங்க?"

அவர் கோயிலைச் சொன்னார். ஸ்பேனரை ஓங்கின என் அண்ணனின் கை அப்படியே நின்றது. "அட, நம்ம கோயிலுங்க! நாங்களும் அங்கதானுங்களே பொங்க வெக்கிறது!" என்று ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஒரு நிமிடத்தில் உலகம் மாறிவிட்டது. அவர் என் அண்ணனுக்குப் பங்காளி. ஆகவே எனக்கும் அண்ணன். என் கணவர் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை. என் மகளுக்கு இன்னொரு தாய்மாமன். கார் வாங்க வந்த இடத்தில் பிறந்த வீடு ஒன்று கிடைத்துவிட்டது. உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா ஓடிவந்து என்னை "வாங்க அம்மிணி" என்று கட்டிக்கொண்டார். நாற்காலிகள் வந்தன. காபி வந்தது. முறுக்கு வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை அறுக்க ஆள் போனது.

கார் மட்டும் தனியாக வெயிலில் நின்றது, அதைப் பார்ப்பார் இல்லை.

என் மகள் விடாமல் கருவியைக் கதவு கதவாக வைத்துக்கொண்டு போனாள். புதிய அண்ணன் சிரித்துக்கொண்டே, "என்ன அம்மிணி, வண்டிக்குக் காச்சலா?" என்றார். என் கணவருக்கு மானம் போய்விட்டது. எழுந்து அவள் பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு, "அதையெல்லாம் உள்ள வெய்யி சாமி. மச்சான் ஊட்டு வண்டியப் போயி டாக்டராட்ட சோதிச்சுட்டு இருக்கறே. நல்லாவா இருக்குது?" என்றார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழியும் சொன்னார். இது தானமும் இல்லை, மாடும் இல்லை என்று நான் சொல்லவில்லை. என்னை அழைத்து வந்தது ஆள் கணக்குக்குத்தானே.

எங்கள் ஆட்கள் ஏமாறுவதெல்லாம் இப்படித்தான். அந்நியனிடம் வாங்கினால் ஆணி ஆணியாகக் கழற்றிப் பார்ப்பார்கள். நம்ம ஆள் என்று தெரிந்துவிட்டால் குனிந்து பார்ப்பதே குற்றம். சொந்தத்துக்குள் சந்தேகப்படலாமா என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. அதை மீறினவனைப் பற்றி ஊர் மூன்று தலைமுறைக்குப் பேசும். சொந்தத்தில் வாங்கிய பம்புசெட்டு தண்ணீர் இறைக்காவிட்டாலும் அதைப் பற்றி வாய் திறக்காமல் வேறொன்று வாங்கி வைத்தவர்தான் என் மாமனார்.

என் மகள் இடது முன்சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். காபி டம்ளரோடு போனேன். "டயர் உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்குதும்மா. வலது பக்கம் இப்படி இல்ல. எங்கியோ மோதி வளைஞ்சிருக்கோணும். அடியில பாத்தாத்தான் தெரியும்" என்று மெதுவாகச் சொன்னாள். வண்டியைத் தூக்கிப் பார்க்கிற மேடை அங்கே இல்லை. பக்கத்தில் எங்காவது பட்டறைக்குக் கொண்டுபோகலாமா என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் பார்த்த பார்வையில் பட்டறைப் பேச்சு அங்கேயே செத்தது. அப்படியென்றால் நான் படுத்துப் பார்க்கிறேன் என்று துப்பட்டாவை முடிந்தாள். "வயசுப்புள்ள மாமன் ஊட்டு வாசல்ல மண்ணுல பொரளுவியா? எந்திரி" என்றார். அவள் எழுந்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. தலையைக் குனிந்துகொண்டு கருவிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தச் சொந்தபந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. ஆண்கள் அதை மறந்துவிடுவார்கள். எங்கள் பக்கம் அண்ணன் கல்யாணத்தில் கூடப் பிறந்தவள் சீர் செய்யாமல் தாலி ஏறாது. அண்ணன் வீட்டில் தங்கச்சி எந்த அறைக்குள்ளும் போகலாம், எந்தப் பானையையும் திறந்து பார்க்கலாம்; அண்ணி முணுமுணுக்கலாம், அண்ணன் வாய் திறக்கக் கூடாது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஏனுங்கண்ணா, இது இப்ப என்ற பொறந்த ஊட்டு வண்டிதானுங்களே?"

"அதிலென்ன சாமி சந்தேகம்?"

"அப்ப பொறந்தவ நான் சித்த பாத்துக்கறனுங்க. வேற யாரு பாத்தாலும் தப்பு. நான் பாக்கலாமில்லீங்க?"

அவருக்கு வேறு வழி இல்லை. "பாரு சாமி, தாராளமாப் பாரு" என்றார். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் படுத்துவிட்டேன்.

படுப்பது ஒன்றும் லேசாக இல்லை. வயதும் எடையும் ஒத்துழைக்க வேண்டுமே. அந்தக் கார் தரைக்கு மேல் ஒரு சாண் உயரம்கூட இல்லை. பூனை புகுந்தாலும் முதுகு தட்டும். ஒரு பக்கக் கன்னத்தைத் தரையில் ஒட்டி, செல்போன் விளக்கைக் கையில் நீட்டி, ஒரு கண்ணால்தான் பார்க்க முடிந்தது. மறுபக்கத்தில் என் மகளும் தலையைத் தாழ்த்தியிருந்தாள். காரின் அடியில், தரையோடு தரையாக, அவள் கண்கள் எனக்குத் தெரிந்தன.

"அம்மா, உனக்கு எந்தச் சாமானும் தெரிய வேண்டாம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குதா, அதை மட்டும் சொல்லு."

வலது பக்கம் தகடும் தகடும் சேருகிற கோடு நேராக ஓடியது. அதன் மேல் வருடக்கணக்கான தூசி, தார், மண். யோக்கியமான அழுக்கு. இடது பக்கம் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். பொங்கலுக்கு முந்தின நாள் பொக்கைச் சுவருக்கு அடித்த சுண்ணாம்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயிண்டுக்கு அடியில் தோசைக்கல் ஓரத்தில் மாவு சிந்திக் காய்ந்ததுபோல மேடு மேடாக ஒரு வரிசை. விரலால் தடவினேன். யாரோ வெட்டி எடுத்து வேறு இரும்பை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள்.

இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று சொன்னால் கார் அவளுடையது. அங்கே இருக்கிற யாரும் மறுபடி குனிந்து பார்க்கப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் ஒப்பந்தப்படி கார் போய்விடும், ஜாதகம் வெளியே வரும். அதையும் என் வாயாலேயே செய்ய வேண்டும். எதிரே அவள் கண்கள் காத்துக்கொண்டிருந்தன. இந்தக் காரை இவள் எவ்வளவு வேகத்தில் ஓட்டுவாள் என்று நினைத்தேன்.

"இடது பக்கம் ஒட்டுப் போட்டிருக்குது கண்ணு. புதுசா மை பூசி மறைச்சிருக்குது."

அவள் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். "செரிம்மா. எந்திரி" என்றாள். என்னைத் தூக்கிவிட அவளும் என் அண்ணனும் சேர வேண்டியிருந்தது.

புதிய அண்ணனின் முகம் வாடிவிட்டது. கார் அவருடைய பையனுடையதாம். இப்போது வெளிநாட்டில் இருக்கிறானாம். "லேசா ஒரு ஒரசல்னுதானுங்க சொன்னான். பெத்த பையன் சொல்றப்ப குனிஞ்சா பாப்பாங்க?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. அவரும் எங்கள் ஜாதிச் சட்டத்தில் அடிபட்டவர்தான். பையன் உயிரோடு தப்பித்தானே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்காக யாரும் சாப்பிடாமல் போய்விட முடியுமா? அறுத்த இலை இருக்கிறது. ரசம், பாயசம் வரை அமைதியாகச் சாப்பிட்டோம். அந்த அம்மா என் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எனக்கு வெற்றிலை பாக்கோடு ஜாக்கெட் துணியும் வைத்துக் கொடுத்தார்.

திரும்பும்போது சேலம் தாண்டினதும் என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேச்சுன்னா பேச்சுதான்" என்றார்.

"செரிங்கப்பா. ஜாதகத்தை எடுங்க" என்றாள் அவள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "ஏனுங்க, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குதுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் வண்டி அவுளுது. நாளைக்கு அவ எங்க கெடந்திருப்பான்னு நெனைச்சுப் பாத்தீங்களா? பாக்க வேண்டாம், உள்ள வெய்யின்னு சொன்னது ஆரு? குனிஞ்சு பாக்கோணும்னு சொன்ன புள்ளைக்குத் தண்டனை, குனியாத ஆளுக்கு மாப்பிள்ளை மரியாதையா? ஜாதகத்தை எடுங்க, வேண்டாங்கல. ஆனா எந்த ஊட்டுப் பையன் வந்தாலும் இன்னிக்குப் படுத்த மாதிரி படுத்துத்தான் பாப்பேன். நம்ம கோயிலு, நம்ம சனம்னு ஒருத்தரும் குறுக்க பேசப்படாது!"

மூச்சு வாங்கியது. என் அண்ணன் ஸ்பேனரைத் தடவிக்கொண்டே, "மாப்ளே, தங்கச்சி சொல்றதும் ஞாயந்தான்" என்றான். வீடு வந்து இறங்கும்போது என் கணவர், யாரையும் பார்க்காமல், "வேற எங்கியாச்சும் நல்லதா இருந்தாச் சொல்லு" என்றார். யாரிடம் சொன்னார் என்று கேட்டு அவர் மானத்தை வாங்க நாங்கள் விரும்பவில்லை.

நல்லது பெங்களூரில் கிடைத்தது. சாம்பல் நிறம், அழகில் ஒரு படி கம்மி. அதற்கும் நான்கு பேராகத்தான் போனோம். காரை விற்கிறவருக்குத் தமிழ் தெரியாது. குலதெய்வம் பற்றி என் கணவர் ஆரம்பித்துப் பார்த்தார். அந்த மனிதர் சிரித்துவிட்டுச் சர்வீஸ் ரசீதுகளைக் கொடுத்தார். பட்டறையில் வண்டியைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தினார்கள். அந்த மனிதர் தாமாகவே இங்கே ஒரு கீறல், அங்கே ஒரு எண்ணெய்க் கசிவு என்று காட்டினார். உறவில்லாதவருக்கு மறைக்க என்ன இருக்கிறது. என் கணவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாண மண்டபத்துப் பந்தலைப் பார்ப்பதுபோல அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இது என்ன, அது எதற்கு என்று மகளிடம் அவர் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

ஜாதகம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

காரை முதல்முதலாகக் கோயிலுக்கு எடுத்துப் போனோம். அதே மோகனூர்ப் பக்கத்துக் கோயில்தான். பெண் பிள்ளை முதல் வண்டி எடுத்தால் தாய்மாமன் கோயிலில் வைத்துத்தான் பூஜை என்று என் அண்ணன் பிடிவாதம் பிடித்தான். வீட்டு வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து எடுத்தாயிற்று. இரண்டே சீட், ஓட்டுவது அவள், பக்கத்தில் நான். ஆண்கள் இருவரும் எங்கள் பழைய காரில் பின்னால் வந்தார்கள். அவள் முகத்தில் அந்த வெளிச்சம் இருந்தது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஊர்க்காரர்கள் அவர்களாகவே கட்டின வேகத்தடை ஒன்று இருக்கிறது. மாட்டுவண்டிக்கே பயம் காட்டும். ஊர்ந்துதான் ஏறினாள். ஆனாலும் அடியில் கரகரவென்று ஒரு சத்தம். நிறுத்திவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அந்தக் கதவைத் திறந்து வெளியே வரவே கால் நாழிகை ஆகும்.

அதற்குள் பின்னால் வந்த கார் நின்றது. என் கணவர் இறங்கி வந்தார். கோயிலுக்கென்று கட்டின கரை வேட்டி, இஸ்திரி கலையாத சட்டை. எங்கள் யாரையும் பார்க்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தார் ரோட்டில், வெயிலில், நீட்டிப் படுத்தார். கன்னத்தைத் தரையில் ஒட்டிக்கொண்டார். எதிரே வந்த டவுன் பஸ் நின்றுவிட்டது. "ஏனுங்க, ஆராச்சும் அடிபட்டுட்டாங்களா?" என்று கண்டக்டர் பதறி இறங்கினார். என் கணவர் எழுந்து, சுற்றிவந்து மறுபக்கமும் படுத்தார்.

அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் இருக்குது சாமி. நீ ஓட்டு."